கூட்டு இல்லை, முறை உண்டு

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அதே பெயரில் இன்றைக்கும் ஏழு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்கிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் ‘உங்களைச் சொல்லவில்லை’ என்று விளக்கிக்கொண்டிருக்க என் முழங்கால் இடங்கொடுக்காது. அதனால் ஓவர்சீயர் என்றே சொல்கிறேன். மகாராஜா காலத்தில், மராமத்து இலாகாவில், தோவாளைப் பக்கத்துக் குளங்களும் சானல்களும் சாலைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. நான் அவருக்குக் கிளார்க்கு.

ஊரில் மற்றவர்கள் சண்டையைக் கண்டு கவலைப்படுவார்கள். அவர் சமாதானத்தைக் கண்டு கவலைப்படுவார். புதிதாக ஓர் ஊருக்கு வேலை பார்க்கப் போனால், வில்வண்டியை விட்டு இறங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இங்க ஆருக்கும் ஆருக்கும் சண்டை?” என்பதுதான். எங்கள் ஊரில் சண்டையே கிடையாது, எல்லோரும் ஒற்றுமை என்று யாராவது பெருமையாகச் சொல்லிவிட்டால் அவர் முகம் விழுந்துவிடும். மேல்மடைக்காரர்களுக்கும் கீழ்மடைக்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்விப்பட்டால் குடையை மடக்கி வைத்துவிட்டு, இரண்டு பக்கத்தாரையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரிப்பார். எந்த இடத்தில் கரை ஒழுகுகிறது, போன தடவை கட்டியவன் எவ்வளவு சுண்ணாம்பை மிச்சம் பிடித்தான் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஒற்றுமையான ஊரில் இதெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆகும்.

அவர் மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் சைவன். அவருடைய சபையில் நடந்த ஒரு விஷயத்தை அவர் சொல்லியும் கேட்டிருக்கிறேன், அவருக்கு ஆகாதவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பாஸ்டர் வீட்டுக் கூரையை மாற்றுவதா என்று கமிட்டியில் கேட்டபோது எல்லோரும் கை தூக்கினார்களாம். இவர் எழுந்து, எதிர்த்து ஒருவர்கூட இல்லையென்றால் ஒருவரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம், ஆகவே அடுத்த ஞாயிறு மறுபடி பேசலாம் என்றாராம். அப்படியானால் நீங்களே எதிர்த்துக் கை தூக்கிவிடுங்கள், காரியம் முடிந்துவிடும் என்று பாஸ்டர் கெஞ்சியிருக்கிறார். எனக்குத்தான் எதிர்ப்பு இல்லையே என்று இவர் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூரை மேலும் ஒரு வாரம் ஒழுகியது.

வடசேரிச் சந்தையிலும் இதே கதைதான். மூன்று கடையில் விலை கேட்பார். மூன்றும் ஒரே விலையாக இருந்தால் வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் நான் அவர் வீட்டில் இருந்தபோது, வெறும் பையைப் பார்த்த அவருடைய மனைவி என்னிடம் நியாயம் கேட்பதுபோல அவரிடம் சொன்னார்: “எங்க வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டுத்தானே என்னை உங்களுக்குக் கட்டித் தந்தாங்கோ. அப்பம் மட்டும் உங்களுக்குச் சந்தேகம் வரல்லியாக்கும்?”

“உங்க சித்தப்பா ஒருத்தர் வேண்டாம்னாரு,” என்றார் ஓவர்சீயர். “அதனாலயாக்கும் கட்டினேன்.”

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். இளவயதில் கொழும்புக்குப் போய் அங்கே சாலை வேலையில் இருந்தார். பிறகு மலேயாவில் ரயில் பாதை போட்ட இடத்தில் இருந்தார். திரும்பி வந்து திருநெல்வேலிச் சீமையில் கொஞ்ச காலம். அதற்குப் பிறகுதான் இங்கே மராமத்து. ஆக நாலு தேசத்தில், நாலு சர்க்காருக்குக் கல்லும் மண்ணும் அளந்தவர். நாலு இடத்திலும் கண்ட்ராக்டர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டுதான் டெண்டர் போடுகிறார்கள் என்பது அவர் கண்ட முதல் பாடம். பேசி வைக்கிற விதம்தான் தேசத்துக்குத் தேசம் மாறும் என்பது இரண்டாவது.

கொழும்பில் ஜெயித்தவன் தோற்றவன் வீட்டுக்குப் பணம் அனுப்பிவிடுவான். மலேயாவில் தோற்றவன் அதே வேலையில் பாதியை ஜெயித்தவனிடமிருந்து உள்கண்ட்ராக்டாக வாங்கிக்கொள்வான். திருநெல்வேலியில் பூமியைப் பங்கு வைத்திருந்தார்கள். ஆற்றுக்கு இந்தக் கரை உனக்கு, அந்தக் கரை எனக்கு. மருந்தும் இடத்துக்கு இடம் வேறு. கொழும்பில் டெண்டர் ஃபாரத்தை வெவ்வேறு ஆபீசில், வெவ்வேறு நாளில் விற்றார்களாம். யார் யார் போடுகிறார்கள் என்பது தெரியாவிட்டால் யாரோடு பேசி வைப்பது? மலேயாவில் தோற்றவனுக்கு உள்கண்ட்ராக்டு கொடுக்கக் கூடாது என்று கராரிலேயே ஒரு ஷரத்து சேர்த்தார்கள். கொஞ்ச காலம் கேட்கும், பிறகு அவர்கள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள், நாமும் வேறு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்பார். இதைச் சொல்லும்போது அவரிடம் சலிப்பு இருக்காது. சீட்டு விளையாடுகிறவன் புதுக் கட்டைக் கலைக்கிற மாதிரி உற்சாகமாகவே சொல்லுவார்.

எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் முறை. கோடையில் சானலில் தண்ணீர் குறைந்தால் இன்றைக்கு இந்த ஊருக்கு, நாளைக்கு அந்த ஊருக்கு என்று முறை வைத்து விடுவோம். அதே மாதிரி ஐந்து கண்ட்ராக்டர்கள் சர்க்கார் வேலையை முறை வைத்து எடுத்தார்கள். யாருக்கு முறையோ அவர் எஸ்டிமேட்டுக்கு மேல் பாதி சேர்த்துப் போடுவார். மற்ற நால்வரும் அவருக்கும் மேலே போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். டெண்டரைப் பிரித்துப் பார்க்கிற எஞ்சினீயருக்கு ஐந்து பேர் போட்டி போட்டதாகவே தெரியும். ஒதுக்கிய பணம் அந்த விலைக்குப் போதாது. அதனால் வேலையில் பாதியை வெட்டுவோம். ஆறடி அஸ்திவாரம் மூன்றடி ஆகும், கல் வரவேண்டிய இடத்தில் செங்கல் வரும்.

இதை உடைக்க ஓவர்சீயர் முதலில் திருநெல்வேலி மருந்தை எடுத்தார். வெளியாளைக் கூப்பிடுவது. ஒரு சாலைக்குச் சரளைக்கல் போடும் வேலைக்கு, தமக்குப் பழக்கமான திருநெல்வேலிக் கண்ட்ராக்டர் ஒருவரை டெண்டர் போட வரச்சொன்னார். அவரும் புறப்பட்டார். ஆரல்வாய்மொழியில்தான் பிரிட்டிஷ் எல்லை முடிந்து நம் எல்லை தொடங்கியது. அங்கே எங்கள் ஐந்து பேரில் ஒருவர் காத்திருந்து, அவரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போய், அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். நீங்கள் இந்தப் பக்கம் வராதீர்கள், நாங்கள் அந்தப் பக்கம் வரமாட்டோம் என்பது பேச்சு. இரண்டு ராஜ்யமும் போட்ட எல்லைக் கோட்டை முழுசாக மதிக்கிறவர்கள் கண்ட்ராக்டர்கள் மட்டும்தான் என்று ஓவர்சீயர் சொன்னார். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

கண்ட்ராக்டர்கள் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று மேலதிகாரிக்கு எழுதினார். எக்ஸிக்யூட்டிவ் எஞ்சினீயர் திருவனந்தபுரத்துக்காரர், நேர்மையானவர், ஆனால் ஊர்ப்பேச்சை நம்பாதவர். சுண்ணாம்பு விலை ஏறியிருக்கிறது, அதனால் எல்லோரும் ஏற்றிப் போடுகிறார்கள்; கூட்டு இருக்கிறது என்று அந்த ஐந்து பேரில் ஒருவனாவது வந்து சொல்லட்டும் பார்ப்போம் என்று பதில் வந்தது. இன்னொரு தடவை ஆதாரமில்லாமல் எழுதினால் மலைப் பிரிவுக்கு மாற்றல் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் எங்கள் குளம்.

எங்கள் ஊர்க் குளத்தின் மடை போன மழையிலேயே விரிந்துவிட்டது. குளத்தில் தண்ணீரை நிறுத்தப் பயந்து திறந்துவிட்டோம். அந்த வருஷம் மாசியில் அறுக்கிற கும்பப்பூவில் கடைசி வயல்கள் எல்லாம் காய்ந்தன. எங்கள் வீட்டுக்கு அங்கே மூன்று தடி வயல் உண்டு, மூன்றும் போயிற்று. வெளியில் அரிசி வாங்கித் தின்றோம். கோடையில் குளம் வறண்டு கிடக்கும்போதே மடையைப் பெயர்த்து அடியிலிருந்து கல்லால் கட்டினால்தான் அடுத்த மழையில் தண்ணீர் நிறுத்த முடியும். இல்லாவிட்டால் இன்னொரு வருஷமும் வயல் காயவேண்டியதுதான். அதைத் தாங்கக்கூடிய வீடுகள் அந்தக் குளத்தடியில் ஒரு கை விரலுக்குள் அடங்கும். எங்கள் வீடு அதில் இல்லை.

பங்குனியில் டெண்டர் வந்தது. பிரித்துப் பார்த்தால் நாலுதான். நாலும் எஸ்டிமேட்டுக்கு இரண்டு மடங்குக்கு மேல். கீழே ஒன்று இருக்கவேண்டுமே, அது இல்லை.

“அஞ்சாவது ஆளு எங்க வே?” என்று ஓவர்சீயர் கேட்டார்.

ஐந்தாமவரின் வீட்டில் துட்டி என்றேன். அவருடைய தகப்பனார், நாங்கள் பெரிய கண்ட்ராக்டர் என்று சொல்கிறவர், மூன்று நாள் முன்னால் காலமாகியிருந்தார். தகப்பனாரின் தொழிலை நடத்தி வந்த மகன் சின்னக் கண்ட்ராக்டர். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து தலை முழுகாமல் புது வேலைக்குக் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

ஓவர்சீயர் அந்த நாலு காகிதத்தையும் மேஜையில் வரிசையாக வைத்தார். “அப்பம் முறை அவருக்காக்கும்,” என்றார்.

உடனே இரண்டாம் தடவை டெண்டர் கூப்பிட்டார். துட்டி முடியவில்லை. மறுபடி அதே நாலு, அதே உயரம். அந்த நால்வரில் மூத்தவர் எனக்குத் தூரத்து உறவு, அத்தான் முறை. நானே அவரிடம் போய், குளம் அழியப்போகிறது, கொஞ்சம் குறைத்துப் போடக்கூடாதா என்று கேட்டேன். அவர் வெற்றிலையை வாயின் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“துட்டி வீட்டுக்காரனுக்க முறையைத் திங்கச் சொல்லுதியா?” என்றார். “நாளைக்கு எங்க வீட்டுல ஒண்ணு விழுந்தா எனக்க முறையை எவன் காத்து வச்சிருப்பான்? நீயும் ஒரு வீட்டுல பொறந்தவன்தானே மக்கா.”

வந்து ஓவர்சீயரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கள்ளனாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும், இவர்கள் மரியாதையுள்ள மனிதர்கள், அதுதான் கஷ்டம் என்றார். வேறு எந்த தேசத்துக் கூட்டாக இருந்தாலும் ஒரு சாவு விழுந்த உடனே மற்றவன் பாய்ந்திருப்பான், நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இவர்கள் இரக்கப்பட்டு மாட்டிக்கொண்டார்கள் என்றும் சொன்னார். அப்போது அவர் கண்ணில் தெரிந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடியந்திரம் முடியும்வரை பொறுக்கலாமே என்று நினைக்கலாம். பொறுத்தால் சின்னக் கண்ட்ராக்டர் வந்து வழக்கம்போல ஒன்றரை மடங்கு போடுவார், அஸ்திவாரம் பாதியாகும், மடை இரண்டு மழைக்கு நிற்காது. வேறு ஒரு வழி உண்டு. கண்ட்ராக்டரே இல்லாமல் சர்க்கார் நேரடியாகக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்வது. அமானி என்போம். ஆனால் டெண்டரில் கூட்டு நடந்தது என்று எஞ்சினீயர் ஒத்துக்கொண்டால்தான் அமானிக்கு உத்தரவு கிடைக்கும். ஐந்து பேரில் ஒருவன் வாயால் சொல்லவேண்டும் என்பது அவர் ஏற்கெனவே எழுதியது.

ஒரு நாள் காலை ஓவர்சீயர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, “வாரும், துட்டி கேட்டுட்டு வருவோம்,” என்றார். பெரிய கண்ட்ராக்டரோடு அவர் அளவு விஷயத்தில் பத்துத் தடவை சண்டை போட்டிருக்கிறார். அதனால் அவரிடம் ஒரு பிரியமும் இருந்தது. போகவேண்டியதுதான் என்று நானும் போனேன்.

முற்றத்தில் ஓலைப் பந்தல். மழிக்காத முகத்தோடு சின்னக் கண்ட்ராக்டர் பாயில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஓவர்சீயர் அவர் தகப்பனாரைப் பற்றி விசாரிக்க விசாரிக்க, அவரும் மனம் விட்டுப் பேசத் தொடங்கினார். அந்தக் காலத்தில் கண்ட்ராக்டர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக் குறைத்துப் போட்டு, ஒருவன் வீட்டையே விற்றுக் கொழும்புக்குப் போனானாம். அதைப் பார்த்துத்தான் அப்பா எல்லோரையும் கூட்டி முறை வைத்தாராம். மறைக்கவேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவே இல்லை. கோவிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“எல்லாரும் கஞ்சி குடிக்கணும்னு வச்சதாக்கும் ஸார். அதுக்கப்புறம் ஒருத்தன் குடியும் கெடல்ல.”

ஓவர்சீயர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“உங்க அஞ்சு பேருக்கும் முறை வருது,” என்றார். “குளத்தடிக்காரனுக்கு எப்பம் முறை?”

சின்னக் கண்ட்ராக்டரின் முகம் கறுத்தது.

“துட்டி வீட்டுல வந்து கேக்கப்பட்ட கேள்வியா இது?”

“இல்ல. வேற எங்க வச்சுக் கேட்டாலும் நீரு இவ்வளவு சொல்லியிருக்க மாட்டீரு.”

“எழும்பிப் போங்கோ.”

ஓவர்சீயர் எழுந்தார். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது எங்கள் பக்கத்தில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவர் அதைத் தெரிந்தவர். ஒன்றும் பேசாமல் நடந்தார். நான் பின்னால் போனேன்.

வண்டியில் ஏறியதும், இன்றைக்குச் செய்தது சரியில்லை என்று நேராகவே சொன்னேன். அவருக்குக் கீழே வேலை பார்த்த நாளில் நான் அவரை எதிர்த்துச் சொன்னது அது முதல் தடவை. அவர் கோபிக்கவில்லை. சரியில்லைதான் என்று ஒத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு, “ஆனா பாத்தீரா வே, முறைன்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு அவன் சொல்லல்ல,” என்றார்.

அடியந்திரம் முடிந்த மூன்றாம் நாள் எஞ்சினீயர் முசாவரி பங்களாவில் வந்து தங்கினார். ஓவர்சீயர் ஆபத்தை முழுசாகத் தலையில் ஏற்றிக்கொண்டு, கூட்டு உண்டு என்று மறுபடி எழுதி, ஐந்து பேரையும் விசாரிக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்கு முந்தின நாள் என்னைச் சின்னக் கண்ட்ராக்டர் வீட்டுக்கு அனுப்பினார். எஞ்சினீயர் இன்ன கேள்வி கேட்பார், இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, சொன்னால் அவருக்கு ஒரு கெடுதலும் வராது, ஓவர்சீயருக்குத்தான் மாற்றல் வரும் என்று அப்படியே சொல்லச்சொன்னார். வாசலில் நின்று சொன்னேன். சின்னக் கண்ட்ராக்டர் மழித்த தலையோடு கேட்டுக்கொண்டார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பங்களா வராந்தாவில் ஐந்து பேரும் நின்றார்கள். எஞ்சினீயர் முதலில் என் அத்தானைக் கேட்டார். அப்படி ஒன்றும் கிடையாது, கனவில்கூடக் கிடையாது என்றார் அவர். இரண்டாமவரும் கிடையாது என்றார். மூன்றாமவர், நாலாமவர், அதே பதில், அதே சொல். எஞ்சினீயர் விடவில்லை. காலமான பெரிய கண்ட்ராக்டர் இந்த மாதிரி ஓர் ஏற்பாடு செய்து வைத்ததாகக் கேள்விப்பட்டேனே என்றார். அவரா, அவர் பாட்டுக்கு வந்தார், வேலை செய்தார், போனார், எங்களுக்குள் அவர் ஒரு ஏற்பாடும் செய்ததில்லை என்று அத்தான் சொல்ல, மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

எஞ்சினீயர் ஓவர்சீயரைத் திரும்பிப் பார்த்தார். மலைப் பிரிவு அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எனக்கு எங்கள் மூன்று தடி வயலும் மறுபடி வெடித்துக் கிடப்பது தெரிந்தது. ஓவர்சீயர் வெளியே மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை மட்டும் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

கடைசியாகச் சின்னக் கண்ட்ராக்டரைக் கேட்டார்.

“கூட்டு இல்ல ஸார்,” என்றார் அவர். “முறை உண்டு. எங்க அப்பா வச்சதாக்கும். இவங்க நாலு பேரும் அதுல கஞ்சி குடிச்சவங்க.”

“மக்கா, சும்மா இரு,” என்றார் அத்தான் மெதுவாக.

“அவரு ஒரு ஏற்பாடும் செய்யல்லன்னு நீங்க சொல்லுவேளா மாமா? முந்தாநாள் அவருக்க அடியந்திரத்துல பாயசம் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சிட்டா?”

அதற்கு மேல் எஞ்சினீயர் கேட்கவேண்டியிருக்கவில்லை. எந்த வேலை யாருக்கு வந்தது, அடுத்தது யாருக்கு என்பதையெல்லாம் சின்னக் கண்ட்ராக்டர் வரிசையாகச் சொன்னார். தகப்பனாரின் பெயரை ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொன்னார். கூட்டும் முறையும் சர்க்காருக்கு ஒன்றுதான் என்பது, அவர் சொல்லி முடித்து, எஞ்சினீயர் பேனாவைத் திறந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

அமானிக்கு உத்தரவு அன்றைக்கே கிடைத்தது. ஐந்து பேரும் ஒரு வருஷம் டெண்டர் போடக்கூடாது என்றும் எஞ்சினீயர் உத்தரவிட்டார். ஐந்து பேரும் என்பதில் சின்னக் கண்ட்ராக்டரும் சேர்த்தி. உண்மையைச் சொன்னவனுக்கும் மறைத்தவனுக்கும் ஒரே தண்டனையா என்று ஓவர்சீயர் வராந்தாவிலேயே அவரோடு மன்றாடினார். முறையில் பங்கு வாங்கியவர்கள் ஐந்து பேர், உத்தரவும் ஐந்து பேருக்கு என்று எஞ்சினீயர் முடித்துவிட்டார். சின்னக் கண்ட்ராக்டர் அந்த வருஷம் இரண்டு ஜோடி வண்டிமாட்டை விற்றார். மற்ற நால்வர் வீட்டிலும் அவரோடு போக்குவரத்து நின்றது. எங்களைக் கண்டால் பாதையை விட்டு வயலில் இறங்கி நடப்பார். ஓவர்சீயர் ஒவ்வொரு தடவையும் குடையைத் தாழ்த்திக்கொள்வார்.

மடை வேலை நடந்த விதத்தைச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொன்னதாகும். எங்கள் குளத்திலும் ஒத்துப்போகாத மேல்மடைக்காரர்களையும் கீழ்மடைக்காரர்களையும் அவர் ஒரே வேலையில் கலக்கவில்லை. ஒரு கூட்டத்தார் சுண்ணாம்பு குழைப்பார்கள்; மற்றக் கூட்டத்தார்தான் அதைச் சோதித்து வாங்கவேண்டும். அடுத்த நாள் மாறி நடக்கும். மணல் கூடிவிட்டது, சல்லடை போடவில்லை, தண்ணீர் தெளித்தது போதாது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வசவுதான். மண் சுமக்கிற பெண்கள்கூட அடுத்தவர் கூடையைக் குத்தி அளந்தார்கள். ஓவர்சீயர் கரையில் குடையை ஊன்றி நின்று, கல்யாண வீட்டு மேளம் கேட்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அஸ்திவாரம் ஆறடியும் கல்லாகவே இறங்கியது. ஒதுக்கிய பணத்தில் மிச்சமும் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, நாலாம் நாள் காலை குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஊரில் பாதிப் பேர் கரையில் நின்றார்கள். நானும் ஓவர்சீயரும் மடைக்கு நேர் மேலே ஒரு குடையின் கீழ் நின்றோம். தண்ணீரின் முழுப் பாரமும் அந்தச் சுவரில்தான் இருந்தது.

தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு ஒருவர் கரையேறி வந்தார். கிட்டத்தில் வந்த பிறகுதான் சின்னக் கண்ட்ராக்டர் என்று தெரிந்தது.

“நிக்குதான்னு பாக்க வந்தேன்,” என்றார்.

“பாரும்,” என்றார் ஓவர்சீயர்.

அவர் கரையின் வெளிச்சரிவில் இறங்கி, மடையின் பக்கச் சுவரில் கல்லும் கல்லும் சேர்கிற இடமெல்லாம் கையால் தடவிப் பார்த்தார். குனிந்து அடியைப் பார்த்தார். மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். வெகுநேரம் கழித்து மேலே வந்தார்.

“எங்க அப்பா கட்டியிருந்தாலும் இப்படி நின்னிருக்கும்.”

“ஆறடியும் தோண்டிக் கட்டியிருந்தா நின்னிருக்கும்.”

“அவரு தோண்டமாட்டாருன்னு சொல்லுதீளா?”

“சாலைப் பாலத்துக்கு எத்தனை அடி தோண்டினாரு? நானே அளந்தவனாக்கும்.”

கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் அந்தப் பாலத்தைப் பற்றி நல்ல சண்டை போட்டார்கள். சின்னக் கண்ட்ராக்டர் கொழும்புக்குப் போனவனைப் பற்றி மறுபடி சொன்னார். நாளைக்கு எல்லோரும் வெட்டிக் குறைத்து இன்னொருவன் வீட்டை விற்றால் அந்தப் பாவத்தை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். கட்டுப்படியாகாத விலையை நானே தள்ளிவிடுவேன், ஆனால் விற்றாலும் விற்பான், அதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை என்று ஓவர்சீயர் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பதிலைச் சின்னக் கண்ட்ராக்டர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சாக்கைச் சரிசெய்துகொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

“பங்குனியோட எனக்க வருஷம் தீருது,” என்றார் பிறகு. “கீழூர்க் குளத்து மடை வேலை வருதுன்னு கேட்டேன். இனி ஆரு முறைன்னு பாக்கமாட்டேன். எனக்குக் கட்டுப்படியாகிற தொகையை நான் போடுவேன். கணக்கும் பாத்தாச்சு. கல்லுக்கும் கூலிக்கும் சேத்து...”

ஓவர்சீயர் குடையை என் கையில் திணித்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“சொல்லாதிரும் வே. எனக்கும் தெரியப்பிடாது, இந்தக் கிளார்க்குப் பிள்ளைவாளுக்கும் தெரியப்பிடாது. கவருக்குள்ள போட்டு ஒட்டிக் கொண்டாரும்.”

சின்னக் கண்ட்ராக்டர் திறந்த வாயை மூடினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொங்கிய கையின் விரல்களை மடக்கி மடக்கி ஏதோ கூட்டியபடி, கரை வழியே கீழூர்ப் பக்கமாக நடந்தார்.